சல்லா என்னும் சொல்லுக்குத் திருத்தம் வேண்டி

பெருமதிப்பிற்குரிய அகராதிப் பதிப்பாசிரியர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும் கண்பார்வை சற்றும் மங்காமல் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். இங்கு நானும் என் அக்காவும் நலம். நலம் என்று எழுதியது மரியாதைக்காக. உண்மையில் நான் நலமாக இல்லை, அதற்குக் காரணம் தங்கள் அகராதி. ஆத்திரத்தில் எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். ஆத்திரம் அடங்கட்டும் என்று காத்திருந்துதான் பேனாவை எடுத்தேன். அது அடங்கவில்லை என்றால் நான் என்ன செய்ய முடியும்?

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவனாக இருந்து ஓய்வு பெற்றவன். கல்யாணப் பத்திரிகை முதல் மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற பொடி எழுத்துக் காகிதம் வரை என் சிவப்புப் பேனாவிடம் தப்பியதில்லை. மேசையில் வலது கைப்பக்கம் எப்போதும் தங்கள் அகராதி இருக்கும். சந்தேகம் என்றால் அதைத்தான் கேட்பேன், மனிதர்களைக் கேட்க மாட்டேன். மனிதர்கள் ஆளுக்கொன்று சொல்வார்கள். வீட்டோடு வந்துவிட்ட பிறகும் இந்தப் பழக்கம் போகவில்லை. புது மிக்ஸி வாங்கினால்கூட அதன் கையேட்டில் பிழை திருத்தி முடித்த பிறகுதான் சுவிட்சைப் போடுவேன். "உனக்கு அச்சடிச்ச காகிதம்னா போதும்டா, அதுல எழுதியிருந்தா கிணத்துல கூட குதிப்ப" என்பாள் அக்கா. குதித்துவிட்டேன் ஐயா, அதைத்தான் சொல்ல வருகிறேன்.

அக்கா பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்தவள். விசில் டீச்சர் என்றால்தான் எங்கள் தெருவுக்குத் தெரியும், சொந்தப் பெயரைச் சொன்னால் யாரது என்று கேட்பார்கள். இந்தத் தெருவில் பாதிப் பேர் சின்ன வயதில் அவளிடம் மூச்சு வாங்க ஓடியவர்கள்தான். "நேரா நட! தோளை நிமித்து! தரையில என்ன தேடற?" என்று எந்நேரமும் யாரையாவது நிமிர்த்திக்கொண்டே இருப்பாள். அப்படிப்பட்டவள் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டாள். அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது, உள்ளே கம்பி வைத்துத் தைத்து அனுப்பினார்கள். "எங்க வேலை முடிஞ்சுது, இனி உங்க வேலை. தினமும் நடக்கணும். வலிக்குதுன்னு உக்காந்துட்டீங்கன்னா அப்புறம் நாற்காலிதான்" என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். தெருவில் நாலு எட்டு போய்வந்தால் போதும். ஆனால் அக்கா வாசற்படி தாண்ட மாட்டேன் என்றாள். "என்கிட்ட ஓடின பசங்க முன்னாடி நான் தத்தக்கா பித்தக்கான்னு நடக்கணுமா? ஐயோ பாவம் டீச்சர்னு அவனுங்க சொல்றதைக் காதால கேக்கணுமா? அதுக்கு நாற்காலியே தேவலாம்." இதைச் சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. எங்களுக்கு வேறு யாரும் கிடையாது. நான் கல்யாணம் கட்டவில்லை, அவளைக் கட்டியவர் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார். அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் என்னைத் திட்டி நிமிர்த்த இந்த உலகத்தில் ஆளில்லை.

நடப்பதற்கு இடமென்று பார்த்தால் முன்னறை ஒன்றுதான். அலமாரியிலிருந்து ஜன்னல் வரை நல்ல நீளம். ஆனால் அந்த ஜன்னல் தெருவைப் பார்த்த ஆளுயர ஜன்னல், நேர் எதிரே டெய்லர் கடை. கதவைச் சாத்தினால் அறை வெந்து போகிறது. "காத்து வேணும், வெளிச்சம் வேணும், ஆனா ஒருத்தன் கண்ணும் உள்ள வரக் கூடாது" என்றாள் அக்கா. இதெல்லாம் ஒரே துணியில் கிடைக்குமா என்று யாரைக் கேட்பது? வழக்கம்போல் தங்களைக் கேட்டேன். 'சல்லா: இழைகள் நெருக்கமில்லாமல் நெய்யப்பட்ட மெல்லிய துணி; திரைச்சீலை முதலியவற்றுக்குப் பயன்படுவது' என்று போட்டிருந்தீர்கள். இழை நெருக்கமில்லை, ஆகவே காற்று வரும். மெல்லியது, ஆகவே வெளிச்சம் வரும். உடனே 'திரை'க்குத் தாவினேன். 'பார்வையில் படாதவாறு மறைப்பது' என்று இருந்தது. முடிந்தது வழக்கு. சல்லாவால் செய்வது திரை, திரை என்பது மறைப்பது, ஆகவே சல்லா மறைக்கும். இதில் எந்த இடத்தில் நான் தப்பு செய்தேன் என்று தாங்களே சொல்லுங்கள்.

கடைக்குப் போய் சல்லாத் துணி வேண்டும் என்றேன். "சல்லாவா? அந்தப் பேரைக் கேட்டே எவ்வளவு நாளாச்சு சார்! இப்ப எல்லாரும் நெட்டுங்கறாங்க, ஷீருங்கறாங்க, வாயில்ங்கறாங்க. எதைக் கேட்டாலும் நான் இதே கட்டைத்தான் எடுத்து விரிப்பேன்" என்று கடைக்காரர் ஒன்றை உதறி விரித்தார். புகை மாதிரி இறங்கியது, எனக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. வெட்டுவதற்குக் கத்தரியை எடுத்தவர், "சார், ஒரு விஷயம் சொல்லிடறேன், சாயங்காலத்துல..." என்று ஆரம்பித்தார். "துவைச்சா சுருங்குமா?" என்றேன். "சுருங்காது சார். ஆனா லைட்டு..." "சாயம் போகுமா?" "வெள்ளைத் துணிக்கு என்ன சார் சாயம்? நான் சொல்ல வந்தது..." "அப்பக் கட்டிக் குடுங்க" என்றேன். அந்த நல்ல மனிதரை நான் பேசவே விடவில்லை. அகராதியைக் கையில் வைத்திருப்பவன் கடைக்காரரிடம் பாடம் கேட்க வேண்டுமா என்ற திமிர்தான், வேறென்ன?

திரையை மாட்டியதும் சும்மா விடவில்லை, முறைப்படி சோதித்தேன். நல்ல வெயில் நேரத்தில் அக்காவை ஜன்னலுக்கு உள்ளே நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு நான் தெருவில் நின்று பார்த்தேன். வெள்ளை வெளேர் என்று திரைதான் தெரிந்தது. இப்படிப் போய்ப் பார்த்தேன், அப்படிப் போய்ப் பார்த்தேன், டெய்லர் கடை வாசலில் குனிந்தும் பார்த்தேன், டெய்லர் என்னையே ஒரு மாதிரியாகப் பார்த்தார். உள்ளே வந்ததும், "நான் என்ன பண்ணினேன் சொல்லு பாப்போம்" என்றாள் அக்கா. "ஒண்ணும் தெரியலையே." "நாக்கைத் துருத்தினேன்." சோதனை வெற்றி. அன்று மாலையே விளக்கைப் போட்டுக்கொண்டு நடையை ஆரம்பித்தோம். பகலில் வெக்கை அதிகம், அதனால் தினமும் விளக்கு வைத்த பிறகுதான் நடை. இந்த ஒரு வரியைப் படித்ததும் தங்களுக்குச் சிரிப்பு வந்திருக்கும். எனக்கு அப்போது வரவில்லை.

நடை என்றால் சும்மா நடை இல்லை ஐயா. முதல் நாளே அக்கா ஒரு நிபந்தனை போட்டாள். "நான் மட்டும் நடந்தா நோயாளி மாதிரி இருக்கு. நீயும் பண்ணு. ரெண்டு பேரும் பண்ணினா அது டிரில்." ஆக, ஓட்டைப் பனியனும் கட்டம் போட்ட அரைக்கால் சட்டையுமாக நான் அவளுக்கு முன்னால் முட்டியைத் தூக்கித் தூக்கி நடக்க வேண்டும், கையை விரிக்க வேண்டும், குனிந்து கால் கட்டைவிரலைத் தொட வேண்டும், அது என்றைக்கு எனக்கு எட்டியது? நான் செய்கிற லட்சணத்தைப் பார்த்து, "அடேய், அது முட்டியா பூசணிக்காயா? தூக்குடா!" என்று திட்டிக்கொண்டே பின்னால் வருவாள். திட்டுகிற சந்தோஷத்தில் வலியை மறந்து நாலடி கூடவே வைப்பாள். அதற்காகவே நான் வேண்டுமென்று தப்பாகச் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான், ஆனால் உண்மையாகவே எனக்கு வரவில்லை. சில நாள் அவளுக்குக் கால் தடுக்கும். மேசையைப் பிடித்துக்கொண்டு உதட்டைக் கடித்தபடி நிற்பாள். நான் பதறிப் போய்ப் பிடித்தால் கையைத் தட்டிவிடுவாள். கண் கலங்கியிருக்கும், அதை நான் பார்த்துவிட்டேன் என்பதில் இன்னும் கலங்கும். அன்றைக்கு அதோடு நடை முடிந்துவிடும்.

இப்படியே ஓடிக்கொண்டிருக்கையில் தெருவில் சில விசித்திரங்கள் நடந்தன. ஒரு நாள் எதிர்க்கடை டெய்லர் என்னை நிறுத்தி, "சார், அந்தக் கட்டம் போட்ட அரைக்கால் சட்டையைக் குடுத்து விடுங்க, பின்னாடி தையல் விட்டிருக்கு" என்றார். வீட்டுக்குள் மட்டும் போடுகிற சட்டை! தொழில் அனுபவம் என்றால் இதுதான், ஆளைப் பார்த்தே எங்கே தையல் விட்டிருக்கும் என்று சொல்கிறார் என்று வியந்து, அக்காவிடமும் அவரைப் புகழ்ந்து தள்ளினேன். அடுத்து காய்க்கடைக்காரம்மா. வெண்டைக்காயின் முனையை ஒடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தம்மா எடைபோட்டபடியே, "நேத்து பரவால்லண்ணே, இடது முட்டி நல்லா எழும்புச்சு" என்றார். ஒடித்த கை அப்படியே நின்றுவிட்டது. "என் முட்டி எழும்பினது உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?" என்று கேட்டேன். அந்தம்மா நாக்கைக் கடித்துக்கொண்டார். "ஐயையோ, சொல்லக் கூடாதுன்னு டெய்லர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரே! அண்ணே, நான் ஒண்ணும் சொல்லல, நீங்க ஒண்ணும் கேக்கல. இந்தாங்க, கொத்தமல்லி வச்சுக்கங்க."

அன்று விளக்கு வைத்ததும், மாத்திரை வாங்கி வருகிறேன், நீ ஆரம்பி என்று அக்காவிடம் சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கித் திரும்பிப் பார்த்தேன். ஐயா, என் வீட்டு முன்னறை அப்படியே தெருவில் இருந்தது! திரை இருக்கிற சுவடே தெரியவில்லை. சுவரில் நாட்காட்டி தெரிந்தது, அதில் தேதி கிழிக்காமல் விட்டிருப்பதும் தெரிந்தது. ஆணியில் தொங்கிய என் பனியனின் ஓட்டை தெரிந்தது. டெய்லர் கடைக்குள் போனேன். அங்கே டெய்லர், காய்க்கடைக்காரம்மா, சட்டைக்கு அளவு கொடுக்க இரண்டு கையையும் விரித்து நின்ற ஓர் ஆள், எல்லோரும் என் வீட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வந்ததே கோபம்! வாயைத் திறக்கப் போனேன். அந்த நேரம் பார்த்து அக்காவுக்குக் கால் தடுக்கியது. மேசையைப் பிடித்தாள். நான் வீட்டுக்கு ஓட நினைத்த அந்தக் கணத்தில் கடைக்குள் இருந்த அத்தனை பேரும் சட்டென்று முதுகைத் திருப்பிக்கொண்டார்கள். அளவு கொடுத்தவர்கூட விரித்த கையை மடக்காமல் அப்படியே திரும்பினார். மூன்று பேரும் சுவரில் மாட்டியிருந்த துணிகளைப் பார்த்தபடி நின்றார்கள். நான் ஒருவன்தான் ஜன்னலைப் பார்த்து நின்றேன்.

"என்னய்யா இது?" என்றேன். டெய்லர் திரும்பாமலே பேசினார். "டீச்சர் பழக்கினதுதான் சார். கிரவுண்டுல ஓடும்போது யாராச்சும் விழுந்தா, டீச்சர் மத்த எல்லாரையும் 'பின்னால் திரும்பு'ன்னுடுவாங்க. விழுந்தவன் எந்திரிச்சு, மண்ணைத் தட்டி, கண்ணைத் துடைச்சுட்டு 'ரெடி டீச்சர்'னு சொல்ற வரைக்கும் ஒருத்தனும் திரும்பிப் பாக்கக் கூடாது. நான் எத்தனை வாட்டி விழுந்திருக்கேன்! ஒரு தடவைகூட என்னைப் பாத்து யாரும் சிரிச்சதில்ல, பாவம்னு சொன்னதும் இல்ல." "அப்ப மத்த நேரம்?" "மத்த நேரம் பாப்போம் சார், பொய் சொல்லல. இன்னிக்கு எதுவரைக்கும் நடந்தாங்கன்னு பேசிக்குவோம். அன்னிக்கு ஒரு நாள் அலமாரியிலருந்து ஜன்னல் வரைக்கும் எதையும் பிடிக்காம வந்தாங்க. இந்தம்மா அழுதே போட்டாங்க." "உங்களைப் பாத்துதாண்ணே சிரிப்போம்" என்று காய்க்கடைக்காரம்மா எனக்கு ஆறுதல் சொன்னார். பிறந்ததிலிருந்து கூடவே இருக்கிற எனக்கு இந்தப் பின்னால் திரும்புகிற கதை தெரியாது. அவள் தடுக்கும்போதெல்லாம் நான் ஓடிப் போய் அவள் முகத்தைத்தான் பார்த்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

இப்போது என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். உண்மையைச் சொன்னால் அக்கா அந்த நிமிஷமே நடையை நிறுத்திவிடுவாள், அப்புறம் நாற்காலிதான். சொல்லாமல் விட்டால் என் கூடப் பிறந்தவளைத் தினமும் தெருவுக்குக் காட்டிக்கொண்டிருக்கிற பாவம் எனக்கு. நடுவழியாக, சல்லாவுக்கு மேல் ஒரு போர்வையைக் கட்டிப் பார்த்தேன். "எதுக்குடா இது?" "கொசு வருதுக்கா." "கொசுவுக்குப் போர்வையா? அவிழ்த்துப் போடு, மூச்சு முட்டுது." அவிழ்த்தேன். வேறு வழியில்லாமல் நான் மட்டும் முழுக்கால் சட்டையும் இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையும் போட்டு, தலை வாரி, பவுடர் பூசி டிரில்லுக்கு வர ஆரம்பித்தேன். "எங்கடா, பொண்ணு பாக்கப் போறியா?" என்கிறாள். குனிய முடியவில்லை, முட்டி கால்சட்டைக்குள்ளேயே நின்றுவிடுகிறது, திட்டு மட்டும் இரண்டு மடங்கு. போதாததற்குத் தெருவில் பார்க்கும்போதெல்லாம், பழைய சட்டையிலேயே வாங்க சார் என்று டெய்லர் சைகை காட்டுகிறார். ராத்திரியில் தூக்கம் இல்லை, பகலில் சாப்பாடு இறங்கவில்லை. எல்லாம் தங்களுடைய ஒற்றை வரியால்.

ஆகவே தங்களிடம் பணிவோடு இரண்டு கோரிக்கைகள். அடுத்த பதிப்பில் சல்லா என்ற சொல்லுக்கு, 'பகலில் வெளியார் பார்வையை மறைக்கும். உள்ளே விளக்குப் போட்டால் அனைத்தையும் காட்டிக்கொடுக்கும். வாங்குவோர் கடைக்காரரைப் பேச விடவும்' என்று சேர்க்க வேண்டுகிறேன். சொற்களைத் தாங்கள் கொஞ்சம் இழைத்துக்கொள்ளலாம். அதைவிட அவசரமானது இரண்டாவது. இந்தத் தவறு முழுக்க அகராதியுடையது, தம்பியுடையது அல்ல என்று தங்கள் கையெழுத்தும் முத்திரையும் வைத்து என் அக்காவின் பெயருக்கு ஒரு கடிதம் அனுப்ப வேண்டும். என்றைக்காவது அவளுக்கு விஷயம் தெரிந்துதான் தீரும். நான் வாயால் சொன்னால் என் தலை உருளும். அச்சடித்த தாளில் பெரியவர் ஒருவர் எழுதியிருந்தால், கோபம் கொஞ்சம் தங்கள் பக்கம் திரும்பும். தாங்கள் தூரத்தில் இருக்கிறீர்கள், தாங்குவீர்கள். அவள் கோபப்பட்டாலும் பரவாயில்லை ஐயா, நடையை விட்டுவிடாமல் இருந்தால் போதும். அதற்கு நான் என்ன வேண்டுமானாலும் செய்வேன்.

கடுமையாக ஏதாவது எழுதியிருந்தால் பொறுத்தருள்க. தங்கள் அகராதி இன்னும் பல பதிப்புகள் கண்டு, அதைப் பார்க்கும் கண்களெல்லாம் தெளிவு பெற வேண்டும். தங்கள் இல்லத்தில் பெரியவர்களுக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு என் ஆசி, மெய்ப்புத் திருத்துபவருக்குத் தனியாக என் அனுதாபம்.

இப்படிக்கு,
என்றும் தங்கள் அகராதியை நம்பியே கெட்ட,
ஓய்வு பெற்ற மெய்ப்புத் திருத்துநர்

பி.கு.: ஐயா, திருத்தம் வேண்டாம். கடிதமும் வேண்டாம். உறைக்குப் பசை தேடி உள்ளே போன நேரத்தில் அக்கா இதை எடுத்து ஒரு வரி விடாமல் படித்துவிட்டாள். நான் பசையும் கையுமாகக் கதவோரம் நின்றுகொண்டிருந்தேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "முட்டாளே" என்றாள். "காலம் பூரா பள்ளிக்கூடத்துல, 'ஏண்டா சல்லாத் துணியில சட்டை போட்டுட்டு வந்திருக்க, விலா எலும்பை எண்ணலாம் போலிருக்கே'ன்னு கத்தினவ நான். எனக்கா அதுக்கு அர்த்தம் தெரியாது?" முதல் நாளே அவளுக்குச் சந்தேகமாம். இரண்டாம் நாள் கால் தடுக்கிய நேரத்தில் பல்பு அணைந்து, நான் வேறு பல்பு தேடி உள்ளே ஓடினேனே, அப்போதுதானாம். அறை இருட்டானதும் சல்லா வழியே எதிர்க்கடை வெளிச்சம் இவளுக்குத் தெரிந்திருக்கிறது. "அத்தனை பேரும் முதுகைக் காட்டிட்டு நிக்கறாங்கடா. ஒருத்தன் பரிதாபமா பாத்திருந்தாலும் அன்னிக்கே உக்காந்திருப்பேன். என் பசங்க மறக்கல" என்று சொல்லிக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டாள். பிறகு, "ஏங்கா என்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன். "சொல்லியிருந்தா நீ முட்டியைத் தூக்கியிருப்பியா? பவுடர் பூசிட்டு வந்து நின்னிருப்ப."

இப்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு கடிதத்துக்காகக் கை நீட்டுகிறாள். தெருக்கோடித் தபால் பெட்டியில் தானே போடப் போகிறாளாம். நானும் வருகிறேன் என்றேன். "நீ வேண்டாம். நான் தடுக்கினா உனக்குத் திரும்பத் தெரியாது, ஓடி வந்து பிடிப்ப" என்கிறாள். எனவே அவளிடம் இதைக் கொடுத்துவிட்டு ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்காரப் போகிறேன். இந்தக் கடிதம் தங்கள் கைக்கு வந்திருந்தால், அக்கா தபால் பெட்டி வரை போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று பொருள்.